குருத்துக்கு ஏறிய மருந்து

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.06.2024

அன்புள்ள தாஹிர் மாஸ்டருக்கு,

நீங்கள் பஸ்ஸில் கொடுத்துவிட்ட கத்தரிக் கொப்புகள் ஈரத்துணியோடு வாடாமல் வந்து சேர்ந்தன. கொண்டக்டர் தம்பி வாசலில் நின்று கத்தியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மனைவி சீலாதான் போய் வாங்கினா. காது இப்படியாகிவிட்டதால் ரெலிபோன் எனக்கு உதவாது என்று தெரிந்து, இந்தக் காலத்திலும் எனக்காகப் பேனை பிடிக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

மூதூரில் நாம் ஒரே பாடசாலையில் படிப்பித்தபோது, தாவரவியல் ஆசிரியரான நான் ஒரு பக்கத்தில் எழுதுவதைக் கணித ஆசிரியரான நீங்கள் ஒரு வரியில் எழுதிவிடுவதாகச் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போதும் நீளத்தான் போகிறது. ஆகவே ஒழுங்கை முதலில் தருகிறேன்.

1. குருத்து ஏன் முறுகியது.
2. மருந்து செடிக்குள் எப்படிப் பயணம் செய்கிறது.
3. எங்கிருந்து வந்திருக்கலாம்.
4. உங்கள் மருந்தடிக்கும் டாங்கியைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்பது.
5. இனிச் செய்யவேண்டியது.

முதலாவது. இது வைரசு நோயல்ல என்று நினைக்கிறேன். முற்றிய இலைகள் நன்றாக இருக்கின்றன. இளம் இலைகள் மட்டும் நாடா போல ஒடுங்கி, கிண்ணம் போலக் குவிந்து, காம்பு பாம்பாக முறுகியிருக்கின்றன. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கிறார்களே, அந்தக் களைநாசினியின் கைவேலை இது.

இரண்டாவது. ஒரு செடி தன் வளர்ச்சியைத் தானே ஆள்கிறது. உச்சியரும்பிலும் இளம் இலைகளிலும் ஒட்சின் என்ற ஓமோன் உண்டாகிறது. அது தண்டு வழியே ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு, கீழ்நோக்கிய ஒரே திசையில் கைமாறிக் கைமாறி இறங்குகிறது. ஒவ்வொரு கலமும் தன் அடிப்பக்கத்தால் மட்டும் அதை வெளியே விடுகிறது. இறங்கும் வழியில் பக்கவரும்புகளை "பொறு" என்று அடக்கி வைக்கிறது. வேருக்குப் போய் "கிளை விடு" என்கிறது. எங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகும். மிஞ்சியதைச் செடியே சிதைத்துவிடும்.

களைநாசினி அந்த ஒட்சினின் வேடம் போட்ட பொருள். இலையில் பட்டதும், இலை சமைத்த சீனி உரியம் என்ற குழாய்களின் வழியே எங்கே போகிறதோ, அதனோடு சேர்ந்து போகும். சீனி வளருகிற இடத்துக்கு ஓடும். ஆகவே மருந்தும் குருத்துக்குப் போய்ச் சேரும். அதைச் சிதைக்கச் செடிக்கு ஏலாது. குருத்து ஓயாமல் "வளர், வளர்" என்ற கட்டளையைக் கேட்டுக் கேட்டு, ஒழுங்கில்லாமல் வளர்ந்தே கெட்டுப்போகிறது. நெல் தப்பிவிடும், கத்தரி தப்பாது. மிகச் சொற்ப அளவே போதும்.

மூன்றாவது. உங்கள் தோட்டத்துக்கு மேற்கே மருமகன் முனீப் செய்யும் வயல். அவர் மருந்து அடித்த கிழமை கச்சான் காற்று பலமாக வீசியது என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்காற்றில் துமி பறந்து வந்திருக்கலாம். நான் நேரில் பார்க்காதவன். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நான்காவது. வாய்க்கால்கரைக் களைக்கு நீங்களும் அதே மருந்தை உங்கள் டாங்கியால் அடித்ததாகவும், பிறகு மூன்று தரம் தண்ணீர் விட்டுக் கழுவி, அதிலேயே கத்தரிக்கு உரமாக மீன்கரைசல் தெளித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கழுவச் சொன்னதே நான்தான். அது போதும். அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம்.

ஐந்தாவது. முறுகிய நுனிகளை வெட்டிவிடுங்கள். உச்சி போனதும் பக்கவரும்புகள் விடுபட்டுத் துளிர்க்கும். செடிக்கு அதிகம் ஏறியிருக்காவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

கொப்புகளை மேசையில் பரப்பிவைத்து லென்சால் பார்த்துக்கொண்டிருந்தேன். "கத்தரிக்குப் பிரேதபரிசோதனை நடக்குது, சோறு ஆறுது" என்று சீலா குசினியிலிருந்து வந்து சொன்னா. போகிறேன். உங்களுக்கும் மகள் அசனாவுக்கும் பேத்தி ஸஹ்ராவுக்கும் முனீப்புக்கும் எங்கள் ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து.

உங்கள்,
இராஜநாயகம்


தோப்பூர்.
27.06.2024

மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் போல ஒரு விடைத்தாளை என் வாழ்நாளில் திருத்தவில்லை. பெருநாள் முடிந்த மறுகிழமை கமக்காரர் சங்கக் கூட்டம் இருந்தது. நான் அதை அங்கே எழுந்துநின்று வாசித்தேன். முழுவதையும் வாசித்தால் நெல் விளைந்துவிடும் என்பதால் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசித்தேன்.

எனக்கு நட்டஈடு ஒன்றும் வேண்டியதில்லை. "காத்து நாளில அடிச்சது பிழை" என்று முனீப் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். எங்கள் வட்டவிதானை ஸுஹைர், வயல்காரருக்குத் தலைவர் அல்லவா, அவர் குறுக்கே பேசினார்.

"மாஸ்டர், கடிதத்தில 'இருக்கலாம்' எண்டுதானே போட்டிரிக்கி?"

"அது இராஜநாயகம் மாஸ்டர்ர மரியாதை. சூரியன் கிழக்கால உதிக்கிறதயும் அவர் 'உதிக்கலாம்' எண்டுதான் எழுதுவார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

முனீப்பும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "மாமா, என்ர மருந்துக்குக் காலா இரிக்கி, வரம்பத் தாண்டி உங்கட கத்தரிக்க நடந்து வர?"

"கால் இல்ல மகன், கச்சான் இரிக்கி."

அதற்குப் பெரிய சிரிப்பு. முனீப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். பதில் இல்லாதவன் அப்படித்தான் நிற்பான் என்று நினைத்தேன்.

இனி அடுத்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அசனாவையும் ஸஹ்ராவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இறக்கக்கண்டிக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அசனா வாசலில் நின்று, "வாப்பா, வீட்டுக்குள்ள வச்சு ஏசியிருந்தா நாங்க கேட்டிருப்பமே. ஏன் ஊருக்கு முன்னால?" என்றாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டை மகளுக்குக் கொடுத்தால் மாப்பிள்ளை அங்கே வருவார். பெற்றவர்கள் பின்னறைக்குப் போவோம். மனைவி மௌத்தான பிறகு அந்தப் பின்னறையில் நான் ஒருவன்தான். இப்போது முன்வீடு பூட்டு. சொந்த வளவில் பூட்டிய வீட்டைச் சுற்றி நடக்கிறேன். சாப்பாடு சந்திக் கடையில்.

பரவாயில்லை, அவர் இறங்கி வருவார். உண்மை உண்மைதானே.

உங்கள் தாஹிர்


திருகோணமலை.
03.07.2024

அன்புள்ள தாஹிர் மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் எழுதியது. சபைக்கு என்று தெரிந்திருந்தால் நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை; எழுத்தில் கொடுத்தவன் நான். ஆனால் "இருக்கலாம்" என்பது மரியாதைக்குப் போட்ட சொல்லல்ல. எனக்கு உண்மையாகவே தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

முனீப் ஊரார் வயல்களுக்கெல்லாம் டாங்கி சுமந்து மருந்து அடித்துத்தான் பிழைக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். காற்றுப் பார்க்கத் தெரியாதவன் என்று பெயர் வந்தால் அவரை யார் கூப்பிடுவார்கள்? இதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

இறக்கக்கண்டிக்கு நானே போய்க் கதைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். போய் என்ன சொல்வது? சரியென்றும் தெரியாது, பிழையென்றும் தெரியாது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். காற்றில் வந்த மருந்தானால், வயலுக்குக் கிட்ட உள்ள வரிகளில் முறுகல் கடுமையாகவும், தூரப் போகப்போகக் குறைந்தும் இருக்க வேண்டும். தோட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து பார்த்து எழுதுங்கள். அதுவரை என் கடிதத்தை அலுமாரிக்குள் வையுங்கள்.

தயவுசெய்து கடைச் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள்,
இராஜநாயகம்


தோப்பூர்.
15.07.2024

மாஸ்டர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி நடந்து பார்த்தேன். கிழக்கோ மேற்கோ எல்லாம் ஒரே மாதிரித்தான். நடுத்தோட்டத்திலும் அதே முறுகல், மறுகரையிலும் அதே முறுகல். காற்று தாராளமாகப் பங்கிட்டிருக்கிறது.

ஒரு புதினமான சங்கதி. முனீப்பின் வரம்போடு ஒட்டிய கடைசி இரண்டு வரிகளும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. பூத்தும் விட்டன. அந்த இரண்டுக்கும் வரும்போது அன்று டாங்கியில் மீன்கரைசல் முடிந்துபோனது. உரமே கிடைக்காத செடிகள். அல்லாஹ் நாடியதை யார் தடுப்பது? அந்தக் காயைத்தான் இப்போது கடைக்காரரிடம் கொடுத்துச் சமைப்பிக்கிறேன்.

அசனா ரெலிபோனில் ஸஹ்ராவை மட்டும் கதைக்க விடுகிறாள். குழந்தை, "அப்பாட வீட்டப் பூட்டி வச்சது ஆர்?" என்று கேட்கிறது. நான்தான் அதன் அப்பா; எங்கள் பக்கத்தில் தாயின் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவது. யார் பூட்டியது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

முனீப்பை இந்த நாட்களில் ஒருவரும் மருந்தடிக்கக் கூப்பிடவில்லையாம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவரிடம் பாஸ்போட் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அவ்வளவு தூரம் போவானேன்? ஒரு சொல் சொன்னால் முடிகிற காரியம்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் உறுதியாக எழுதுங்கள். முனீப்தான் என்றால் அவர் வரட்டும். அவர் இல்லை என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் இறக்கக்கண்டிக்குப் போய் எல்லாருக்கும் முன்னால் அவர் கையைப் பிடிப்பேன்.

உங்கள் தாஹிர்


திருகோணமலை.
22.07.2024

அன்புள்ள தாஹிர் மாஸ்டருக்கு,

அந்த இரண்டு வரிகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. யோசனையை எழுதி ஒருமுறை பட்டது போதும் என்பதால் இப்போது சொல்லவில்லை.

மாடியில் சாடிகளில் தக்காளி வைத்திருக்கிறேன். கத்தரியைவிட அது இன்னும் வேகமாகக் காட்டிக்கொடுக்கும். துறைமுகக் காற்று படாமல் தகரம் வைத்து மறைத்து ஒரு சோதனை செய்கிறேன். முடிவு தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும். முடிந்ததும் உறுதியாக எழுதுவேன். அதுவரை, கெஞ்சிக் கேட்கிறேன், முனீப்பிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

உங்கள்,
இராஜநாயகம்


தோப்பூர்.
24.08.2024

என் மாஸ்டருக்கு,

இனிமேல் உங்கள் சோதனை தேவையில்லை. தக்காளியை ரசம் வைக்கச் சொல்லுங்கள்!

நேற்றைய கூட்டத்துக்கு முனீப் தானாக வந்தார். நான் கூப்பிடவில்லை, நீங்கள் கேட்டபடி வாயே திறக்கவில்லை. அவர் எழும்பி, "மாமாட கத்தரிக்குப் பட்டது என்ர மருந்துதான். காத்தப் பாக்காம அடிச்சிட்டன். எல்லாரும் என்ன மன்னிக்கணும்" என்றார். ஸுஹைர் எழுந்துபோய் அவர் தோளைத் தட்டினார். நான் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சிறுபிள்ளை மாதிரி அழுதேன்.

முன்வீடு திறந்தாயிற்று. அசனா வந்துவிட்டாள். குசினியில் சட்டி சத்தம் கேட்கிறது. வந்ததும் என் கையைப் பிடித்து, "அவர் செஞ்ச பிழைக்கு நானும் மன்னிப்புக் கேக்கிறன் வாப்பா. உங்கள அநியாயமா ஏசிட்டன்" என்றாள். ஸஹ்ரா எல்லாக் கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது.

ஒரேயொரு கவலை. முனீப் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். செப்டெம்பர் முதல் கிழமை பயணம். பிழையை ஒப்புக்கொண்டாயிற்று, இனி ஏன் போகிறீர் என்று கேட்டேன். "ஒப்புக்கொண்டவனத்தான் மாமா ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க" என்று சிரித்தார். ஒப்பந்தம் முடிந்து வரும்போது ஊர் மறந்திருக்கும். எனக்குத் தெரிந்தவரையில் இது நல்ல முடிவுதான்.

உங்கள் எழுத்து வென்றது, மாஸ்டர். இனிமேலாவது "இருக்கலாம்" என்று எழுதுவதை விடுங்கள்.

நன்றியுள்ள,
தாஹிர்


திருகோணமலை.
11.09.2024

அன்புள்ள தாஹிர் மாஸ்டருக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஒழுங்கு போட முயன்றேன். முடியவில்லை. வந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதம் வருமுன்பே என் முதலாவது சோதனை முடிந்திருந்தது. ஒரு பழைய கைத்தெளிப்பானில் அந்தக் களைநாசினியைக் கரைத்து வைத்து, பிறகு அதைக் கொட்டிவிட்டு, நான் உங்களுக்குச் சொன்னபடி மூன்று தரம் தண்ணீரால் கழுவினேன். பிறகு வெறும் தண்ணீரை நிரப்பித் தக்காளிக்குத் தெளித்தேன். ஒரு கிழமை போகுமுன் குருத்து முறுகத் தொடங்கியது. நீங்கள் அனுப்பிய கொப்பில் பார்த்த அதே முறுகல். மருந்து தெளிப்பானின் குழாய்க்குள்ளும் இறப்பர் வாசருக்குள்ளும் ஊறிக் கிடந்திருக்கிறது.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒரு சாடி போதாது, மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சலவைச் சோடாக் கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துக் கழுவிய தெளிப்பானால் இன்னொரு வரிசைக்குத் தெளித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோடாவில் ஊறியது செடியைக் கெடுக்கவில்லை. தண்ணீரால் மட்டும் கழுவியது மறுபடியும் கெடுத்தது. அப்போதும் எழுதவில்லை. சீலா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் எத்தினை செடி முறுக வேணும்? இது கவனமோ, பயமோ?" என்று கேட்டா. நான் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

உங்கள் சந்தோசத்தைப் படித்த பிறகு எழுதுவது இன்னும் கடினமாகிவிட்டது. முன்வீடு திறந்துவிட்டது, குசினியில் சட்டி சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கெடுக்க நான் யார் என்று நினைத்தேன். முனீப் ஏன் ஒப்புக்கொண்டார் என்றும் எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை என் சோதனைதான் பிழையோ என்று மறுபடியும் சந்தேகப்பட்டேன்.

அவரே வந்தார். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம், கொழும்பு பஸ்ஸுக்கு முன், பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். முன்கதிரையில் இருத்தி, சீலா தேத்தண்ணி கொடுத்தா. காது கேளாதவனிடம் இரகசியம் கதைக்க ஏலாது. அவர் சத்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. வீதியால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், அது மாமாட டாங்கிதான். வாய்க்கால்கரைக்கு அடிச்சிப்போட்டு அவர் அதில மீன்கரைசல் ஊத்தினத நான் கண்டனான். கூட்டத்தில கடிதத்த வாசிக்கக்கொள்ளயே எனக்கு விளங்கின."

"அப்ப ஏன் சொல்லயில்லை?"

"ஊருக்கே கணக்குப் படிப்பிச்ச மனிசன். 'உங்கட கையாலதான் நீங்க கெடுத்த' எண்டு அத்தின பேருக்கு முன்னால நான் சொன்னா, பிறகு அவர் அந்த வரம்பால எப்பிடி நடக்கிற? எனக்குக் கோவம் வந்தது, போனன். இருந்தும் அசனா ஒவ்வொரு நாளும் வாப்பாவ நினைச்சு அழுறா. ஒரு பொய்யில முடியும் எண்டா முடியட்டும் எண்டு சொன்னன்."

"அசனாவுக்குத் தெரியுமா?"

"தெரியா. தெரிஞ்சா வாப்பாவோட கதைக்கமாட்டா. நீங்களும் எழுதிராதீங்க மாஸ்டர். நீங்க எழுதினா மாமா அத வேதமா எடுப்பார்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு, சீலாவிடமும் சொல்லிவிட்டுப் போனார். போகாதே என்று சொல்லும் சான்று மாடியில் சாடிகளில் நின்றது. படியேறி எடுத்துவந்து காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் புறப்படும் நேரம் கடந்த பிறகுதான் எழுந்தேன்.

அவர் கேட்டதை மீறி இப்போது எழுதுகிறேன். அதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரி. "அவர் செஞ்ச பிழைக்கு நானும் மன்னிப்புக் கேக்கிறன்" என்று அசனா சொன்ன வரி. செய்யாத பிழைக்காக ஒருவர் பாலைவனத்துக்குப் போயிருக்கிறார். அவருடைய மனைவி அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறா. ஸஹ்ராவும் அதையே கேட்டு வளரும். இதை மறைத்து உங்களை நிம்மதியாக வைத்திருக்க எனக்கு ஏலவில்லை.

நீங்கள் என்மீது கோபப்படுவீர்கள். நியாயம். இரண்டு தரமும் உங்களை என் எழுத்துதான் வீழ்த்தியது. முதலில் தெரியாமல் எழுதினேன், பிறகு தெரிந்தும் எழுதாமல் இருந்தேன். இதை வாசித்த பிறகு நீங்கள் எனக்குப் பதில் எழுதாவிட்டால் அதையும் விளங்கிக்கொள்வேன்.

ஸுஹைருக்கும் இன்று ஒரு கடிதம் போடுகிறேன். அடுத்த கூட்டத்தில் எனக்குச் சிறிது நேரம் தரும்படி கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அது கடைசி நேரத்தில் தெரியவரக்கூடாது என்பதற்காகவே இதை முந்தி அனுப்புகிறேன். நான் சபையில் பேசிப் பழகாதவன். ஓய்வுபெற்ற நாளில் பாராட்டுக் கூட்டத்துக்கே சுகமில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். சாடிகளைப் பஸ்ஸில் கொண்டுவருகிறேன், சீலா கூட வருகிறா. நீங்கள் வராவிட்டாலும் நல்லது, வந்து பின்னால் இருந்தாலும் நல்லது. உங்கள் பெயரைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். நான் சொன்னபடிதான் நீங்கள் செய்தீர்கள், பிழையாகச் சொன்னவன் நான். அவர்கள் கேள்வி கேட்டால் எனக்குக் கேட்காது, எழுதித் தரச் சொல்வேன்.

அங்கே நான் வாசிக்கப் போவதை உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். ஜூன் மாதம் பதினான்காம் திகதி நான் எழுதிய கடிதத்தில் குருத்து முறுகியதற்கான காரணம் சரி. மருந்து செடிக்குள் பயணம் செய்யும் விதமும் சரி. மூன்றாவதில் சந்தேகப்பட்ட ஆள் குற்றமற்றவர். அவரைச் சந்தேகிக்க இடம் கொடுத்தது நான்காவது பகுதி. தண்ணீர் போதும் என்று அதில் எழுதினேன். போதாது. நான்காவது பகுதி பிழை.

இராஜநாயகம்